நாலாம் துளை

எல்லாரும் ஊதுகிறான் என்றுதான் சொல்வார்கள்.
அவன் ஊதவில்லை, இழுத்தான்.
பத்துத் துளை, இருபது பித்தளை நாக்கு.
சி கட்டை ஹார்மோனிகாவை எடுத்து ஜி-யில் வாசிப்பான்,
முன்வாசல் திறந்திருக்கப் பின்சுவர் ஏறிக் குதிக்கிறவன் மாதிரி.
உள்ளே இழுக்கும் காற்றில்தான் சுரம் வளையும்:
தொண்டையில் ஒரு சுருக்கு,
அடிநாக்கு கொஞ்சம் பின்வாங்கும்,
மூன்றாம் துளையின் சுரம் படியில் கால் தவறி,
விழாமல்,
அரைப்படியில் நின்று யோசிக்கும்.

கிளியோஃபஸ் டார்வருக்கு இடப்பக்கம் நின்று
பதினோரு வருடம் பாஸ் வாசித்தவன் நான்.
காரை ஓட்டியவனும் நான்தான். கார் என்னுடையது.
பகலில் அவனுக்கு கேரி நகரத்து எஃகு ஆலையில்
கோக் அடுப்புக்கு மேலே வேலை.
இரும்பு சுடும் என்று மரத்தால் அடி வைத்த செருப்பு,
மூடி திறந்தால் மஞ்சள் புகை.
இரவில் சிகாகோ, நாற்பத்து மூன்றாம் தெரு.
டாக்சிக் கம்பெனி கழித்துப் போட்ட மைக்கை
ஹார்மோனிகாவோடு சேர்த்துப் பொத்திப் பிடிப்பான்,
ஏரிக் காற்றில் சிகரெட் பற்றவைக்கிறவனைப் போல.
இரண்டு வேலைக்கும் ஒரே நெஞ்சு.

ஐம்பத்தாறு, நவம்பர்.
மெத்தைக் கடைக்கு மேலே ஒலிப்பதிவு அறை,
நாலு மணி நேரம், இரண்டு பாட்டு.
மூன்றாம் தடவை எடுக்கும்போது நாலாம் நாக்கு செத்தது.
உதறினான், தண்ணீரில் முக்கினான், தொடையில் அடித்தான்.
மாற்று ஹார்மோனிகா ஆலை லாக்கரில் இருந்தது.
கம்பெனிக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
மூன்றாம் துளை வரை வந்தான்,
வளைத்தான்,
நாலைத் தாண்டி ஐந்தில் போய் இறங்கினான்.
நடுவே ஒரு பள்ளம்.
அதைப் பார்த்த பதற்றத்தில்
ஒட்டாத சுரம் ஒன்றை அதில் நான் போட்டேன்.

அந்தப் பாட்டுதான் ஓடியது.
அவன் கைக்கு வந்தது நாற்பத்தொரு டாலர்.
தட்டில் பெயர் கார்வர் என்று அச்சாகியிருந்தது.

பிறகு ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பள்ளத்தைக் கேட்டார்கள்.
புது ஹார்மோனிகா, நாலாம் நாக்கு உயிரோடு துடிக்கிறது,
அதன் வாயைப் பொத்திவிட்டுத் தாண்ட வேண்டும்.
"செத்ததைத் தாண்டுவது சுலபமடா" என்பான் காரில்.
மில்வாக்கியில் ஒருநாள் முழுதாக வாசித்துவிட்டான்.
பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்:
"யோவ், தப்பா வாசிக்கிறே!"
அன்று அவன் சிரித்த சிரிப்பில்
டிரம்மர் இரண்டு சுற்று தனியாக அடிக்க வேண்டியதாயிற்று.

எழுபத்தொன்றில் தபாலில் ஒரு இசைத்தட்டு வந்தது.
ஸ்வீடனில் கோத்தன்பர்க்,
நீண்ட முடி வைத்த ஐந்து பையன்கள்.
அவன் வீட்டுச் சமையலறையில் போட்டுக் கேட்டோம்.
மூன்று, வளைவு, பள்ளம், ஐந்து.
பள்ளத்துக்குள், மயிரிழை பிசகாமல், என் தப்புச் சுரம்.
அவன் மனைவி வெர்லீன் அடுப்பை அணைத்துவிட்டு
"இதையுமா படித்தார்கள்?" என்றாள்.

படி ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.
வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத்தான் முடியவில்லை.
கிளினிக்கில் நர்ஸ் ஒரு குழாயைக் கொடுத்தாள்.
ஊதுங்க, டார்வர், இன்னும், இன்னும், இன்னும்.
பேனா காகிதத்தில் ஒரு சின்ன மேடு போட்டுப் படுத்துக்கொண்டது.
அவள் எழுதிக்கொண்டிருந்தபோது
குழாயை மறுபடி வாயில் வைத்து இழுத்தான்,
ஆழமாக, அடிநாக்கால் வளைத்து.
பேனா அசையவில்லை.
"இது வெளியே விடுவதை மட்டும்தான் அளக்கும்" என்றாள், கோபமில்லாமல்.

வெளியே என் கார் கண்ணாடியில் அபராதச் சீட்டு.
ஆறு டாலர். அவன் கொடுக்கிறேன் என்றான், கொடுக்கவில்லை.
சிக்னலில் நிற்கையில் சட்டைப் பையிலிருந்து எடுத்து
உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டி
அந்தப் பாட்டைத் தொடங்கினான்.
மூன்றாம் துளை. வளைவு.
நாலில் நின்றான்.
புது ஹார்மோனிகா, நாக்கில் ஒரு குறையும் இல்லை.
பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள்,
நான் நகரவில்லை.
ஸ்டீயரிங்கில் என் விரல் தானாகவே
அந்த ஒட்டாத சுரத்தைத் தட்டிவிட்டு
ஐந்துக்காகக் காத்திருந்தது.